மாமனார் சட்டைப்பையின் உறுமல்

கிதார் வாசிப்பவர்கள் காலால் மிதித்து ஒலியை மாற்றும் பெட்டிகளில் வினோதமான ஒன்று உண்டு. சிகரெட் பெட்டி அளவில் ஒரு தகர டப்பா, அதிலிருந்து ஒயர் வழியாக ஒரு கால் மிதி. மிதித்தால் கிதார் கரகரத்து உறுமும். அந்த டப்பாவை எப்போது தொட்டாலும் கதகதப்பாக இருக்கும், யாரோ இப்போதுதான் பையிலிருந்து எடுத்து வைத்த மாதிரி. அதன் முதுகில் ஒரு கிளிப் இருக்கிறது. பேனா மூடியில் இருக்குமே, சட்டைப்பையில் செருக, அப்படி. தரையில் கிடக்க வேண்டிய சாமானுக்குச் சட்டைப்பைக் கிளிப் எதற்கு என்று செய்கிறவர்களுக்கே தெரியாது. முதல் டப்பாவில் இருந்தது, அதனால் வைக்கிறோம் என்கிறார்கள். ஒரு தடவை கிளிப் இல்லாமல் நூறு டப்பா செய்து பார்த்தார்களாம். வாங்கிய நூறு பேரும் சத்தத்தில் ஏதோ குறைகிறது என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்களாம்.

முதல் டப்பாவைச் செய்தவர் கிதார்காரர் இல்லை. அவருக்குக் கிதார் என்றாலே ஆகாது. அவர் காது கேட்கும் கருவிகளை ரிப்பேர் செய்பவர். தெருவில் அவரைக் காதுக்காரர் என்பார்கள். அவர் காது சாதாரணக் காது இல்லை. பக்கத்துத் தெருவில் யார் வீட்டுக் குழாய் சொட்டுகிறது என்று படுக்கையில் இருந்தபடியே சொல்லுவார். சொன்னால் சரியாக இருக்கும்.

வீட்டின் முன்னறைதான் பட்டறை. சுவர் முழுக்க முட்டை அட்டைகளை ஒட்டி, கதவுக்குப் பழைய போர்வையைத் தொங்கவிட்டிருந்தார். ரிப்பேரான கருவியைத் தன் காதிலேயே மாட்டிக்கொண்டு ஐந்து சத்தங்களைச் சோதிப்பார். கைக்கடிகாரம் ஓடுவது, தாளைக் கிழிப்பது, தீக்குச்சியை ஒடிப்பது, குண்டூசியைத் துணிமேல் போடுவது, கடைசியாக, வாயைப் பொத்திக்கொண்டு 'முப்பத்து மூன்று' என்று கிசுகிசுப்பது. ஐந்தும் ஒழுங்காகக் கேட்கும் வரை கருவியில் இருக்கும் பொடித் திருகைத் திருகிக்கொண்டே இருப்பார். அதற்கு அறை நிசப்தமாக இருக்க வேண்டும். சமையல்காரனுக்கு அடுப்பு எப்படியோ அப்படி அவருக்கு நிசப்தம்.

அந்த நிசப்தத்துக்குள் மைத்துனன் வந்து சேர்ந்தான். மனைவியின் தம்பி. நான்கு தெரு தள்ளி அவனுடைய அப்பா அம்மா வீடு இருந்தது. ஆனால் அம்மாவின் பேச்சும் அவன் கிதாரும் ஒரே கூரையின் கீழ் இருக்க முடியவில்லை. இரண்டில் ஒன்று வெளியே போக வேண்டியிருந்தது. அம்மா போகவில்லை. இரண்டு வாரம் என்று ஒரு பையோடு அக்கா வீட்டுக்கு வந்தவனுக்கு இது மூன்றாவது வருடம்.

போ என்று சொல்லவும் வழியில்லை. காதுக்காரர் கல்யாணத்தன்று அந்தப் பையனுக்கு ஒன்பது வயது. "நான் உங்க வீட்டுக்கு வரலாமா அத்தான்?" என்று கேட்டான். புது மாப்பிள்ளைக்கு அன்று பெருந்தன்மை பொங்கி வழிந்தது. "எப்ப வேணா வா, எத்தனை நாள் வேணா இரு. உன் வீடு மாதிரி" என்று சொல்லிவிட்டார். நாற்பது பேர் கேட்டார்கள். அந்த நாற்பது பேரையும் அவர் மனைவிக்கு இன்னும் பெயர் சொல்லித் தெரியும்.

பட்டறைக்கும் மைத்துனன் அறைக்கும் நடுவே ஒற்றைச் செங்கல் சுவர். அவன் வாசித்தது ஒரே ஒரு துண்டு. பதினேழு நொடி நீளம்; காதுக்காரர் கடிகாரம் வைத்துப் பார்த்திருக்கிறார். முடிந்ததும் மறுபடி முதலிலிருந்து. ஒரு நாளைக்கு நானூறு தடவை. கைக்கடிகார டிக்டிக்கைக் கேட்க வேண்டிய காதில் அந்தப் பதினேழு நொடிதான் விழுந்தது. திருகு தப்பான இடத்தில் போய் நின்றது. ரிட்டயரான பூகோள டீச்சர் ஒருவர் கருவியைத் திருப்பிக் கொண்டுவந்து வைத்தார். எதிர் வீட்டில் பால் பொங்குவது கேட்கிறது, தன் வீட்டு அழைப்பு மணி கேட்கவில்லை என்றார். திரும்பி வந்ததில் அது மூன்றாவது.

காதுக்காரருக்கு வேலை எல்லாம் ஒரே இடத்திலிருந்துதான் வரும், காது டாக்டரின் ஆஸ்பத்திரியிலிருந்து. டாக்டர் கூப்பிட்டு அனுப்பினார்.

"இன்னும் ஒண்ணு திரும்பி வந்தா நான் வேற ஆளைப் பாத்துக்குவேன்," என்றார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் காதுக்காரருக்குக் கொஞ்சம் தெம்பாக இருந்திருக்கும்.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் போய் நின்றார். மனைவி தையல்காரி. பள்ளிக்கூடச் சீருடை, ஆஸ்பத்திரிச் சீருடை எல்லாம் தைப்பவள். பின்னறையில் மோட்டார் தையல் மெஷின் முன்னால் உட்கார்ந்திருந்தாள்.

"உன் தம்பிகிட்ட கொஞ்சம் சொல்லேன்."

"என்னன்னு?"

"சத்தம் வேண்டாம்னு. என் பொழப்பே போயிடும் போல இருக்கு."

"நீங்களே சொல்லுங்க. அப்படியே, உன் வீடு மாதிரின்னு நான் சொன்னது சும்மா வாய் வார்த்தைன்னும் சேத்துச் சொல்லிடுங்க. நான் கதவுகிட்ட நின்னு கேக்கறேன்."

காதுக்காரர் பட்டறைக்குத் திரும்பினார்.

அந்த வாரம்தான் மாமனார் வந்தார். அவர் ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் நீராவி இஸ்திரி போட்டு ஓய்வு பெற்றவர். இருபத்திரண்டு வருடம், நாளைக்கு எட்டு மணி நேரம், நெஞ்சளவு நீராவியில் குனிந்து நின்றிருக்கிறார். அந்த இருபத்திரண்டு வருடமும் சட்டைப்பையில் ஒரு பழங்காலக் காது மெஷினைச் செருகியிருந்தார். தகர டப்பா, பின்னால் கிளிப், காதுக்கு ஒரு ஒயர். பேட்டரியைத் தானே மாற்றிக்கொள்வார். மருமகன் அதே தொழிலில் இருந்தும் அதை ஒரு நாளும் கையில் கொடுத்ததில்லை. இப்போது ஒயர் அறுந்துவிட்டது.

"ஒயர் மட்டும் போதும் மாப்பிள்ளை. வேற எதையும் தொட வேணாம்," என்றார்.

காதுக்காரர் ஒயரை மாற்றிவிட்டு, பழக்கதோஷத்தில் காதில் வைத்து 'முப்பத்து மூன்று' என்றார். தகர டிரம்முக்குள் ஒரு நாய் படுத்துக்கொண்டு உறுமுவது கேட்டது. கடிகாரத்தை வைத்தார். நாய். தாளைக் கிழித்தார். பெரிய நாய். ஒரு சத்தமும் அதன் சொந்த உருவத்தில் வரவில்லை. இதை மாட்டிக்கொண்டா இந்த மனுஷன் இத்தனை வருடம் குடும்பம் நடத்தியிருக்கிறார் என்று நினைத்தார். தன்னிடம் இருந்ததிலேயே உசத்தியான புதுக் கருவி ஒன்றை எடுத்து, ஐந்து சத்தமும் சோதித்து, மாமனார் காதில் மாட்டிவிட்டார். அன்று மைத்துனன் பல் டாக்டரிடம் போயிருந்ததால் சோதனை சுத்தமாக அமைந்தது.

மாமனார் சுற்றிலும் பார்த்தார். "சுவர்க்கடிகாரம் ஓடுதா மாப்பிள்ளை?"

"ஓடுது மாமா."

"இத்தனை நாளும் ஓடிச்சா?"

"ஓடிச்சு மாமா."

அவர் கொஞ்ச நேரம் கடிகாரத்தையே பார்த்துவிட்டு வீட்டுக்குப் போனார். யாரும் கேட்காத உபகாரத்தைச் செய்துவிட்ட திருப்தியில் காதுக்காரர் பழைய டப்பாவைக் குப்பையில் போட எடுத்தார். சுவருக்கு அந்தப் பக்கம், பல் டாக்டரிடமிருந்து திரும்பியவன் பதினேழு நொடியைத் தொடங்கினான். காதுக்காரர் கை அப்படியே நின்றது.

மனிதன் எதையும் தாங்குவான், தான் செய்வது தனக்கே அசிங்கமாகக் கேட்பதை மட்டும் தாங்க மாட்டான். இது அவர் இருபது வருடம் காதுகளோடு பழகிக் கண்டது. கிதாருக்கும் ஸ்பீக்கருக்கும் நடுவே இந்த நாயைக் கட்டிவிட்டால் ஒரே வாரத்தில் பையன் வெறுத்துப்போய்க் கிதாரை மூட்டை கட்டிவிடுவான். ஏதாவது ஆபீசில் உட்கார்ந்து நிசப்தமாகக் கோப்பு எழுதுவான். இருபது வருடம் உறுமலை எடுத்தே பழகிய கை, முதல் தடவையாக உறுமலை வைக்கத் துணிந்தது. டப்பாவிலிருந்த மைக்கைக் கழற்றினார், அந்த இடத்தில் கிதார் ஒயர் செருக ஒரு துளை போட்டார், காது ஒயர் இடத்தில் ஆம்ப்ளிபயருக்குப் போகும் ஒயரைப் பற்றவைத்தார்.

"மச்சான், இதை நடுவுல மாட்டிப் பாரு. சத்தம் நல்லா சுத்தமாகும்," என்று கண்ணிமைக்காமல் சொன்னார்.

மைத்துனன் மாட்டினான். ஒரு தடவை மீட்டினான். அப்புறம் ஒரு நிமிஷம் முழுக்கச் சத்தமே இல்லை. காதுக்காரர் கைக்கடிகாரத்தைக் கழற்றி மேஜையில் வைத்து அது ஓடுவதைக் கேட்டார். அவர் வாழ்க்கையில் இனிமையான நிமிஷங்கள் என்று நான்கைந்து உண்டு. அது ஒன்று.

பிறகு சுவர் உறுமியது. முட்டை அட்டைகள் நடுங்கின. வந்தது அந்தப் பதினேழு நொடி இல்லை. மூன்று வருடத்தில் முதல் தடவையாக வேறு ஒன்று, முடிவே இல்லாத நீளத்துக்கு. மைத்துனன் கதவைத் திறந்துகொண்டு வந்து நின்றான். முகம் வெளுத்திருந்தது.

"அத்தான், இதுக்குள்ள என்ன வெச்சீங்க?"

"ஏன், நல்லா இல்லையா? கொடு, குப்பையில போட்டுடலாம்."

"இனிமே இதைத் தொடாதீங்க அத்தான். சொல்லிட்டேன்."

அன்றிலிருந்து ஒருவன் போய் இருவர் ஆனார்கள். டிரம்ஸ் வாசிக்கும் சிநேகிதன் ஒருவன் தினமும் வந்தான். காதுக்காரர் திருகைத் தொடவே பயந்து, கருவிகளை மேஜையில் வரிசையாக வைத்துவிட்டுக் கையைப் பிசைந்துகொண்டிருந்தார். பதினொரு கருவி சேர்ந்துவிட்டது. டாக்டர் இரண்டு தடவை ஆள் அனுப்பினார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பஸ் டிப்போ கேன்டீனில் இருவரும் வாசித்தார்கள். சாப்பாட்டு நேரத்துக்கு ஏதாவது சத்தம் இருக்கட்டும் என்று கூப்பிட்டிருந்தார்கள். சாப்பிட்ட தட்டைக் கழுவாமல் கையில் பிடித்தபடி எல்லாரும் நின்றுவிட்டார்களாம். மூன்று பஸ் கிளம்பவில்லை. கிளம்பிய ஒன்றும் பயணிகள் சொன்னதன் பேரில் ரிவர்ஸில் திரும்பி வந்தது. அந்த பஸ்ஸில் இருந்தவர்களில் ஒருவர் ஊர் ஊராகக் கச்சேரி ஏற்பாடு செய்பவர். அங்கேயே பேசி முடித்தார். பதினோரு ஊர், மூன்று மாதம், அடுத்த திங்கட்கிழமை புறப்பாடு.

"ஒரே ஒரு நிபந்தனை. அந்த உறுமல் இருக்கணும். அது இல்லேன்னா நீங்க வரவே வேணாம்," என்றார்.

சேதி கேட்டதும் காதுக்காரருக்கு வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. மைத்துனனின் சட்டைகளை அவரே மடித்துப் பையில் வைத்தார். புறப்பட இன்னும் ஒரு வாரம் இருந்தது.

செவ்வாய்க்கிழமை மாமியார் வந்தார். வந்து நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"மாப்பிள்ளை, நீங்க நல்லதுதான் நினைச்சிருப்பீங்க. உங்களைக் குத்தம் சொல்லலை. ஆனா அந்த மனுஷன் கெட்டுப் போயிட்டார்."

"என்ன அத்தை பண்றார்?"

"பதில் சொல்றார்."

காதுக்காரர் கையிலிருந்த திருப்புளியைக் கீழே வைத்தார்.

"கல்யாணமாகி முப்பத்தாறு வருஷம். அதுல இருபத்திரண்டு வருஷமா நான் பேசினா 'ம்'பார். அதுவும் சரியா எங்க வேணுமோ அங்க. அப்படி ஒரு 'ம்' போடற ஆளை நீங்க எங்கேயும் பாக்க முடியாது. இப்ப என்னடான்னா, என் பெரியப்பா பொண்ணு பஸ்ல பையைத் தொலைச்ச கதையைச் சொல்லிட்டிருக்கேன். பாதியில கையைக் காட்டி நிறுத்தி, 'முந்தாநேத்து ரயில்னு சொன்னே'ங்கறார்."

"ரயிலா பஸ்ஸா அத்தை?"

மாமியார் அவரை ஏற இறங்கப் பார்த்தார். "நீங்களுமா மாப்பிள்ளை? எனக்கு அந்தப் பழைய டப்பா வேணும். சனிக்கிழமை வருவோம்."

மறுநாள் மாமனார் தனியாக வந்தார். போர்வைத் திரையை இழுத்து மூடிக்கொண்டார்.

"அவ வந்தாளா?"

"வந்தாங்க மாமா."

"அவ சொன்னதுதான் நானும். பழைய மெஷின்ல அவ பேசறது கடல் மாதிரி இருக்கும் மாப்பிள்ளை. அலை வரும், போகும். கரையில உக்காந்திருக்கற மாதிரி நிம்மதியா இருப்பேன். அலை கொஞ்சம் தாழ்ந்தா ஒரு 'ம்' போடுவேன். இப்ப கடல் வத்திப்போய் அடியில கிடக்கறதெல்லாம் தெரியுது."

"அடியில என்ன மாமா கிடக்குது?"

"பெரும்பாலும் நான்தான்," என்றார் மாமனார். போர்வைத் திரையை இன்னும் கொஞ்சம் இழுத்துவிட்டு, "அவ பேசறது எனக்கு வேணும். அது இல்லேன்னா தூக்கம் வராது. வார்த்தைதான் வேணாம்," என்றார்.

காதுக்காரர் நிலைமை இப்போது இப்படி இருந்தது. டப்பாவை மாமனாரிடம் கொடுத்தால் மைத்துனன் போக மாட்டான். மைத்துனன் போகாவிட்டால் ஆஸ்பத்திரி வேலை போய்விடும். டப்பாவைக் கொடுக்காவிட்டால் முப்பத்தாறு வருடக் குடித்தனம் ஒன்று அவர் செய்த உபகாரத்தால் சந்தி சிரிக்கும். ஒரே வழிதான். உறுமலுக்கு இன்னொரு பிரதி எடுக்க வேண்டும்.

டப்பாவைத் திறந்து பார்த்ததில் குற்றவாளி மிளகு அளவில் இருந்த ஒரு டிரான்சிஸ்டர் என்று தெரிந்தது. அதே ரகத்தில் பழைய சரக்கு பதினான்கு தேடிப் பிடித்தார். ஒன்றைச் சூட்டுக்கோலால் வாட்டினார். ஒன்றைக் கொதிக்கும் தண்ணீரில் போட்டார். ஒன்றை ஐஸில் புதைத்தார். ஒன்றை மொட்டை மாடியிலிருந்து தெருவில் போட்டார். ஒன்றை ஒரு நாள் பூராவும் வாயில் அடக்கி வைத்திருந்தார். அன்று அவர் யாருக்கும் பதில் பேசவில்லை, மனைவி அந்த நாளை நல்ல நாள் என்று பிற்பாடு குறிப்பிட்டாள். சில ஊமையாகின. சில எலி போலக் கீச்சிட்டன. வாயில் வைத்திருந்தது மட்டும் எங்கிருந்தோ வானிலை அறிக்கை வாசித்தது. ஒன்றும் உறுமவில்லை. தினமும் எட்டு மணி நேரம் நீராவியில் வெந்து, மாலையில் வீட்டுக்கு நடக்கும்போது ஆறி, இப்படி இருபத்திரண்டு வருடம் பதமான சாமான் அது. வெள்ளிக்கிழமைக்குள் இருபத்திரண்டு வருடத்துக்கு எங்கே போவது?

அதைவிட மோசம், வெள்ளிக்கிழமை மாலை அசல் டப்பாவே சோர்ந்துவிட்டது. பழகிய இடத்தை விட்டு வந்த ஆள் போல நாளுக்கு நாள் இளைத்துவந்தது, அன்று காய்ச்சல்காரன் முனகுவது போல ஆகிவிட்டது. மைத்துனன் கிதாரைக் கட்டிலில் போட்டுவிட்டுச் சுவரைப் பார்த்து உட்கார்ந்தான். டிரம்ஸ்காரன் வாசற்படியில் உட்கார்ந்து தொடையில் மெதுவாகத் தாளம் போட்டான். காதுக்காரர் மடித்து வைத்த சட்டைகளைப் பார்த்தார்.

சனிக்கிழமை காலையில் டப்பா பட்டறை மேஜையில் திறந்து கிடந்தது. இரண்டு நீள ஒயர்கள் கதவிடுக்கு வழியாக அடுத்த அறைக்குப் போயின. காதுக்காரர் ஒவ்வோர் இணைப்பாகச் சுரண்டிப் பார்த்து, "இப்ப?" என்பார். அந்தப் பக்கம் மைத்துனன் ஒரு தந்தியை மீட்டுவான். முனகல் வரும். "இல்லை அத்தான்," என்பான். இப்படி நாற்பது தடவை. கடைசியில் காதுக்காரர் டப்பாவை மூடிவிட்டு நெற்றியைத் துடைத்தார்.

அப்போதுதான் மாமனாரும் மாமியாரும் உள்ளே வந்தார்கள். மாமியார் வாசலிலேயே தொடங்கிவிட்டார், வரும் வழியில் ஒரு செருப்புக் கடையில் பார்த்த அநியாயம் பற்றி. மாமனார் மேஜையில் தன் டப்பாவைக் கண்டார். யாரையும் கேட்கவில்லை. எடுத்து, ஒயர் தொங்கத் தொங்கச் சட்டைப்பையில் செருகி, மேலே ஒரு தட்டுத் தட்டிக்கொண்டார். இருபத்திரண்டு வருடப் பழக்கம்.

மாமியார் செருப்பின் வாரைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார். அந்தப் பக்கம் மைத்துனன், யாரும் கேட்காமலே, வெறுப்பில் ஒரு தடவை மீட்டினான்.

வீடு உறுமியது. ஜன்னல் கண்ணாடிகள் சட்டத்துக்குள் ஆடின. சுவரிலிருந்து எட்டு முட்டை அட்டைகள் விழுந்தன. பின்னறைத் தையல் மெஷின் தானாக நான்கு தையல் போட்டது. மாமியார் வாக்கியத்தின் நடுவில் பேச்சை நிறுத்தினார். அது அதற்கு முன் நடந்ததாகத் தகவல் இல்லை.

மைத்துனன் ஓடி வந்தான். "என்ன பண்ணீங்க அத்தான்?"

"நான் ஒண்ணும் பண்ணலை," என்றார் காதுக்காரர். மாமனார் பையிலிருந்து டப்பாவை எடுத்துத் தன் பையில் வைத்துக்கொண்டார். "இப்ப வாசி."

எலி கீச்சிட்டது. மைத்துனன் பையில் வைத்தார்கள். எலி கொஞ்சம் வளர்ந்து பூனையானது. மாமனார் பையில் திரும்ப வைத்தார்கள். தெருக்கோடியில் ஒரு நாய் பதில் சொன்னது.

காதுக்காரர் மாமனார் நெஞ்சில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். சட்டைக்கு மேலேயே சுட்டது. வேலையை விட்டு வந்த பிறகும் அந்த நீராவி அவரை விட்டுப் போகவில்லை. மழைக்காலத்தில் அவர் பக்கத்தில் ஈரத் துணியைக் காயப் போடுவார்கள் என்று மாமியார் அப்போதுதான் சொன்னார்.

"அப்பா, நீங்க எங்களோட வரணும்," என்றான் மைத்துனன்.

"எங்க?"

"பதினோரு ஊருக்கு. சும்மா ஒரு நாற்காலியில உக்காந்திருந்தா போதும்."

மாமனார் மருமகனைப் பார்த்தார். "பழைய மெஷின் என்கிட்டயே இருக்குமா? காதுலயும் மாட்டிக்கலாமா?"

"மைக்கையும் திரும்ப வெச்சுத் தரேன் மாமா. கிதாருக்குத் தனி வழி, உங்களுக்குத் தனி வழி."

"அப்ப சரி."

"எது சரி?" என்றார் மாமியார். "மூணு மாசம் நான் யார்கிட்டப் பேசறது? சுவத்துக்கிட்டயா?"

எல்லாரும் காதுக்காரரைப் பார்த்தார்கள். அவருக்கோ மனம் காற்றில் மிதந்துகொண்டிருந்தது. திங்கட்கிழமை காலையிலிருந்து குண்டூசி விழும் சத்தம் கேட்கும். அந்தக் களிப்பில், பதினைந்து வருடத்துக்கு முன் பொங்கிய அதே பெருந்தன்மை மறுபடியும் பொங்கியது.

"இதுக்கென்ன அத்தை யோசனை? எப்ப வேணா இங்க வாங்க, எத்தனை நேரம் வேணா இருங்க. உங்க வீடு மாதிரி."

பின்னறையில் ஓடிக்கொண்டிருந்த தையல் மெஷின் நின்றது. இந்தத் தடவை நாற்பது பேர் இல்லை, நான்கே பேர்தான் கேட்டார்கள். அது போதுமானதாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை ஒத்திகை பார்த்தார்கள். மாமனார் நாற்காலியில் உட்கார்ந்து, பையில் டப்பா, காதில் ஒயர், கண்ணை மூடிக்கொண்டார். கிதார் உறும வேண்டிய இடத்தில் டப்பாவில் காதுக்காரர் புதிதாக வைத்த பொத்தானை அவர் அழுத்த வேண்டும். ஆனால் கடல் சத்தம் கேட்டதும் அவர் கரையில் உட்கார்ந்துவிடுவார். மைத்துனனுக்கு இரண்டு கையும் கிதாரில். அதனால் காலை நீட்டி அப்பாவின் செருப்பில் ஒரு தட்டுத் தட்டினான். அவர் அழுத்தினார். அருமையாக வந்தது.

மாமியார் எழுந்துவிட்டார். "பெத்த அப்பனைக் காலால உதைக்கறதா? அதுவும் பதினோரு ஊர் பாக்க?"

"உதைக்கலைம்மா, தட்டறேன்."

"பாக்கறவனுக்கு அது உதைதான்."

மனைவி போய்த் தன் பழைய தையல் மெஷினின் கால் மிதியைக் கழற்றிக் கொண்டுவந்து போட்டாள். காதுக்காரர் அதிலிருந்து ஒரு ஒயரை மாமனார் பைக்கு இழுத்தார். மைத்துனன் மிதியை மிதித்தான். அப்பா தூங்கினாலும் டப்பா உறுமியது. அந்தப் பெட்டிக்குக் கால் மிதி வந்தது இப்படித்தான். மனைவி அப்பாவுக்கு ஐந்து சட்டை தைத்துக் கொடுத்தாள், பையின் அடியில் ஒயருக்கு ஒரு காஜா வைத்து.

திங்கட்கிழமை காலையில் அவர்கள் போனார்கள். காதுக்காரர் விழுந்த முட்டை அட்டைகளைத் திரும்ப ஒட்டினார், போர்வையை இழுத்துவிட்டார், முதல் கருவியைக் காதில் மாட்டிக்கொண்டு குண்டூசியைத் துணிமேல் போட்டார். அது கோயில் மணி போலக் கேட்டது. ஏழு கருவி முடித்தார்.

செவ்வாய்க்கிழமை ஒன்பது மணிக்கு மாமியார் வந்தார். உட்கார ஒரு திண்டும் கொண்டுவந்திருந்தார். செருப்புக் கடை அநியாயத்தை, சனிக்கிழமை விட்ட இடத்திலிருந்து, வாரிலிருந்து, தொடங்கினார். மத்தியானம் வரை காதுக்காரர் ஒரு திருகைக்கூடத் திருகவில்லை. மனைவி எட்டிப் பார்த்து, "எத்தனை நேரம் வேணா," என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாள்.

மூன்று மணிக்குப் பூகோள டீச்சர் தன் கருவிக்காக வந்தார். சோதனை செய்யாமல் எப்படிக் கொடுப்பது? டாக்டரின் முகம் கண் முன்னால் வந்தது. வேறு வழியில்லாமல் கருவியை டீச்சர் காதிலேயே மாட்டிவிட்டு, திருகைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பினார். மாமியார் பாட்டுக்குப் பேசிக்கொண்டிருந்தார், அணை திறந்த தண்ணீர் போல, ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை. டீச்சர் முதலில் தலையாட்டினார். திருகு இன்னொரு சுற்று. டீச்சர் புருவத்தைச் சுருக்கினார். இன்னும் அரைச் சுற்று.

"அதெப்படிம்மா? நீங்க முதல்ல கறுப்புச் செருப்புன்னு சொன்னீங்க," என்றார் டீச்சர்.

காதுக்காரர் திருகை அங்கேயே நிறுத்தினார். அந்தக் கருவி திரும்பி வரவில்லை. அன்றிலிருந்து அவர் கடிகாரத்தையும் குண்டூசியையும் எடுத்து வைத்துவிட்டார். காது கேளாதவரை மாமியார் எதிரில் உட்கார வைப்பார். அவர் மறுத்துப் பேசும் இடம் வரை திருகுவார். மாமியாருக்கும் தினம் புதுப் புது ஆள், எல்லாரும் முதல் பத்து நிமிஷமாவது தலையாட்டுகிறார்கள். டாக்டர் வேலையை இரண்டு பங்காக அனுப்புகிறார்.

மாமனார் மூன்று மாதம் கழித்து வந்தார், பத்து நாள் இருந்தார், மறுபடி போனார். இப்போது வருடத்தில் பாதி நாள் அவர் ஊரில் இல்லை. பிற்பாடு ஒரு கம்பெனியிலிருந்து ஆட்கள் வந்து, அவர் நெஞ்சுச் சூட்டை ஆறு நாள் அளந்து குறித்துக்கொண்டு, டப்பாவுக்குள் அதே சூடு காட்டும் ஒரு சின்னச் சுருளை வைத்துப் பிரதி எடுத்தார்கள். கிளிப் உட்பட. மாமனாரோடு ஒப்பிட்டால் அது முக்கால் பங்குதான் உறுமும் என்று மைத்துனன் சொல்கிறான்.

காதுக்காரருக்கு வேலைக்குக் குறைவில்லை, நிசப்தம்தான் இல்லை. அதற்கும் அவர் ஒரு வழி செய்திருக்கிறார். மிஞ்சிய டிரான்சிஸ்டர்களில் ஒன்றைத் தகர டப்பாவில் போட்டுச் சட்டைப்பையில் செருகிக்கொள்கிறார். தினமும் மாலையில் மனைவி சீருடைகளுக்கு இஸ்திரி போடும்போது, நீராவி நெஞ்சில் படும்படி பக்கத்தில் போய் நிற்கிறார். அவர் கணக்குப்படி இன்னும் பதினெட்டு வருடம் நின்றால் போதும்.

"என்னங்க, எதுக்கு இப்படி ஆவியில வேகறீங்க?" என்று ஒரு நாள் மனைவி கேட்டாள்.

"ம்," என்றார் காதுக்காரர்.

மனைவி இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள்.

"அந்த 'ம்' எங்கப்பாவோடது," என்றாள்.